பிரேக் பிடித்தாரா?

கோவில்பட்டி
9.2.2025

அன்புள்ள தம்பி பாலகணேஷுக்கு, மதினி கல்யாணசுந்தரி எழுதுவது.

நானும் பூங்கொடியும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், நேரத்துக்குப் படுக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசிப் பார்த்தாகிவிட்டது. "என்ன மதினி" என்பீர்கள், "ஒண்ணுமில்ல தம்பி" என்பேன், அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். கடைசியில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். கோயம்புத்தூரிலேயே சிக்னல் கிடைக்காத ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்கள் அண்ணன் போய் ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பூங்கொடியிடம், "உங்கப்பா வேணும்னே காரக் கொண்டு மோதிட்டாங்களாமே" என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தவள் பையைக் கூட இறக்காமல், "யம்மா, அப்பா பிரேக் பிடிச்சாங்களா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். சரி என்று போய்க் கை கழுவினாள்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஊரே அதைத்தான் பேசுகிறது. நம் தீப்பெட்டி ஆபீஸில் தீப்பிடித்து, வேலைக்கு வந்த பார்வதியம்மாள் செத்துப்போனதிலிருந்து இரண்டு வருசமாக உங்கள் அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அப்படிப்பட்ட மனுசன் நீங்கள் வேலை பார்க்கிற கார்ப் பந்தய டிராக்குக்கு வந்து சுவரில் மோதினால் ஊர் வேறு என்ன சொல்லும்? எனக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை.

நான் இதுவரை அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி சில நேரம் அவர் சட்டையை எடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவர் மோதின அந்த வளைவுக்கு முன்னால் ஒரு ஆள் எப்படி பிரேக் பிடிக்க வேண்டும் என்று முதலிலிருந்து எழுதுங்கள். அவர் பிடித்தாரா என்றும் எழுதுங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அங்கே நின்றது நீங்கள்தானே.

இப்படிக்கு,
மதினி


கோயம்புத்தூர்
20.2.2025

மதினிக்கு வணக்கம்.

முதுகுவலி பரவாயில்லை. பூங்கொடிக்கு என் அன்பு. அவளை நன்றாகப் படிக்கச் சொல்லவும்.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்து எழுதுகிறேன். நீளமான நேர்பாதை முடிந்து வலது வளைவு வருகிறது. வளைவுக்கு முன்னால் 150, 100, 50 என்று மீட்டர் எழுதிய பலகைகள் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர் 150 பலகையிலேயே பிரேக் பிடிக்க வேண்டும். ரோட்டில் பிடிப்பது போல மெல்ல ஆரம்பித்துக் கடைசியில் அழுத்துவது இங்கே ஆகாது. ஆரம்பத்திலேயே பலமாக அழுத்தி, வேகம் குறையக் குறையக் காலைத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்கு வரும். பாரம் இருக்கிற சக்கரம்தான் தரையைப் பிடிக்கும். பலமாக அழுத்தும்போது ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும்.

வேகம் குறைந்த பிறகுதான் கியரை இறக்க வேண்டும். முதலில் பிரேக், பிறகு கியர். இந்த வரிசை மாறவே கூடாது. வருகிறவர்களிடம் நான் முதல் நாள் சொல்வது இதைத்தான்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
பாலகணேஷ்


கோவில்பட்டி
3.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். பூங்கொடி நன்றாகத்தான் படிக்கிறாள், நீங்கள் சொல்லித்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. நான் இரண்டு கேள்வி கேட்டேன், நீங்கள் ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் என்னை உட்கார வைத்துவிட்டு மாஸ்டர், "எதுக்குக்கா இந்த வயசுல?" என்றார். எனக்கு முப்பத்தெட்டுதானே என்றேன். சரி, சாவியைத் திருப்புங்க என்றார். கிளட்ச் எந்தக் கால், பிரேக் எந்தக் கால் என்பது இப்போது தெரியும். நம் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் மூன்று தடவை வண்டி அணைந்து, பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் எல்லாரும் என்னை நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

பிரேக் பிடித்தாலே வண்டி நிற்கும்போது கியரை எதற்கு இறக்க வேண்டும்? டிராக்கில் ஓட்டுகிறவர்கள் ஒரே காலால் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் மிதிப்பார்கள் என்று மாஸ்டர் சொல்கிறார். அது எதற்கு? உங்கள் அண்ணன் அப்படி மிதித்தாரா?

மதினி


கோயம்புத்தூர்
25.3.2025

மதினிக்கு வணக்கம். இங்கு எல்லாரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

பிரேக் வேகத்தைக் குறைப்பதற்கு. கியரை இறக்குவது வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டிக்கு இழுவை வேண்டும் என்பதற்கு. கியரை இறக்கி நிறுத்தப் பார்க்கக் கூடாது.

நாலாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினால் அதே வேகத்துக்கு இஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சும்மா கிளட்சை விட்டால் சக்கரம்தான் இஞ்சினை இழுத்துச் சுற்ற வைக்கும். அப்போது சக்கரம் சுற்ற முடியாமல் வெடுக்கென்று இறுகிக்கொள்ளும். ஈரத்தில் வழுக்கிவிடும், முன் சக்கரம் இழுக்கிற கார் என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகும். அதனால் வலது காலின் முன்பகுதி பிரேக்கில் இருக்கும்போதே, காலின் ஓரத்தைச் சாய்த்து ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இஞ்சின் வேகம் ஏறும், அந்த நேரத்தில் கிளட்சை விட்டால் கியர் சத்தமில்லாமல் உட்காரும். இடது கால் கிளட்ச், வலது கால் இரண்டு வேலை, கை கியர். எல்லாம் ஒரு நொடிக்குள்.

அண்ணனுக்கு அது வரவில்லை. அன்று காலையில் நிற்கிற காரில் பழகிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டும் பார்த்தார். "ஏலே, ஒரு காலுக்கு ரெண்டு சோலியாலே? இது பேராசைல்லா" என்று சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பாலகணேஷ்


கோவில்பட்டி
16.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. உங்களுக்குக் கடலைமிட்டாய் பார்சல் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா?

அவர் சிரித்தார் என்ற வரியைப் பூங்கொடிக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "இன்னொரு தடவ வாசிங்க" என்றாள். அதில் "பேராசைல்லா" என்று வருகிற இடத்தை அவர் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. ஆபீஸ் லோடு வண்டியை அஃப்ஜல் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் இருக்கிற நம் பிஞ்சைக் காடு வரை ஓட்டுகிறேன். தீப்பெட்டி பண்டல் ஏற்றிய காலத்திலிருந்து அவர்தான் அதற்கு டிரைவர். நீங்கள் எழுதியபடி முதலில் பிரேக், பிறகு கியர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறேன். மந்திரம் சொல்லுதீங்களா அக்கா என்று கேட்கிறார்.

லாரியில் ஏற்றி நீங்கள் அனுப்பிய, அவர் மோதின கார் ஆபீஸ் ஷெட்டில்தான் கிடக்கிறது. தார்ப்பாயை நான் இன்னும் எடுக்கவில்லை.

தம்பி, இப்போது எனக்குப் பலகை தெரியும், பிரேக் தெரியும். இனிமேல் விளக்கம் வேண்டாம். எந்தப் பலகையில் அவர் பிரேக்கில் கால் வைத்தார்? ஒரு எண் எழுதினால் போதும். ஒரு கார்டில் எழுதினாலும் சரி.

மதினி


கோவில்பட்டி
11.6.2025

தம்பிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏப்ரல் கடிதம் கிடைத்ததா? கடலைமிட்டாய் கிடைத்தது என்று கூரியர்க்காரர் கையெழுத்தைக் காட்டினார். கையெழுத்து உங்களுடையதுதான்.

பூங்கொடி எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை. கேட்டதை விட இது கஷ்டமாக இருக்கிறது.

மதினி


கோவில்பட்டி
19.8.2025

தம்பிக்கு,

நேற்று வருசத் திதி முடிந்தது. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் கூடப்பிறந்தவன்தான் நிற்க வேண்டும் என்று உங்களுக்கு இலை போட்டு வைத்திருந்தோம். ஐயர் இரண்டு தடவை மணி பார்த்தார். பிறகு என் தம்பி சுடலைராஜ் நின்று செய்தான்.

யாரும் உங்களை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மதினி


கோயம்புத்தூர்
22.9.2025

மதினி,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. திதி அன்றைக்குப் பஸ் ஏறி மதுரை வரை வந்தேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்பிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்ற பயம்தான்.

சொல்லிவிடுகிறேன். அன்று அண்ணன் காரில் ஒரு பதிவுக் கருவி ஒட்டியிருந்தேன். எல்லாருக்கும் ஒட்டுவதுதான். வேகம், பிரேக், இஞ்சின் எல்லாம் அதில் கோடு கோடாக விழும். மூன்றாவது சுற்றில் லேசாகத் தூறியது. கொடி காட்டி உள்ளே கூப்பிடலாமா என்று நினைத்தேன், இந்தச் சுற்று முடியட்டும் என்று விட்டுவிட்டேன். நேர்பாதை முடிவில் ஈரத்தில் காரின் பின்பக்கம் வழுக்கி ஒரு தடவை வாலை ஆட்டியது. அதோடு நேராகப் போய்விட்டது. டயர் அடுக்கித் தடுப்பு வைத்திருந்த இடத்தில் கூட மோதவில்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த வெறும் சுவரில் மோதியது.

அன்று சாயங்காலம் கருவியைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அதே சுற்றில் மற்ற வளைவுகளில் எல்லாம் பிரேக் பிடித்திருக்கிறார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அந்த வளைவில் மட்டும் பூச்சியம். 150-இல் இல்லை, 100-இல் இல்லை, 50-இல் இல்லை. பிரேக்கில் கால் படவே இல்லை மதினி. அதைப் பார்த்ததும் கணினியை மூடியவன்தான், இன்னும் அந்தப் பதிவைத் திறக்கவில்லை.

நீங்கள் கேட்ட எண் இதுதான். மனசு மாறட்டும் என்று அண்ணனை இங்கே கூட்டி வந்தது நான். காலையில் அவர் சிரித்ததைப் பார்த்து ஏமாந்ததும் நான். முடிவு பண்ணிவிட்டவர்கள் கடைசியில் சந்தோசமாக இருப்பார்கள் என்று சொல்கிறார்கள்.

பூங்கொடியிடம் சொல்ல வேண்டாம்.

பாலகணேஷ்


கோவில்பட்டி
1.10.2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். பிறகு இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. எதன் மேலும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடவும்.

மதினி


கோவில்பட்டி
6.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதீர்கள். உட்கார்ந்து படியுங்கள்.

நாலு நாளாக இங்கே மழை. நேற்று பிஞ்சையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க லோடு வண்டியில் போனோம். நான்தான் ஓட்டினேன். தார் ரோட்டை விட்டு வண்டித்தடத்தில் இறங்கியதும் கரிசல் டயரில் அப்ப ஆரம்பித்தது. ஓடைத் திருப்பத்தில் வண்டி வாலை ஆட்டியது. நான் உங்கள் மந்திரத்தைச் சொல்லி பிரேக்கை அழுத்தினேன். வண்டி அப்படியே கோணலாக வழுக்கிக்கொண்டு போய் யாரோ ஒருவர் பருத்திக்குள் நின்றது. அஃப்ஜல் கத்தின கத்தலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. "பிரேக்கத் தொடாதீங்கக்கா! சகதியில எவனாவது பிரேக்குல கால வைப்பானா? கியர எறக்கி விடணும், அது தானா பிடிக்கும். அண்ணாச்சி பக்கத்துல இத்தன வருசம் உக்காந்து வந்திருக்கீங்களே, இது தெரியாதா?"

எனக்குத் தெரியும் தம்பி. பதினாலு வருசம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தடத்தில் போயிருக்கிறேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் வண்டி வழுக்கும். வழுக்கினதும் அவர் வலது காலைத் தூக்கிக்கொள்வார். பிரேக் பக்கமே போக மாட்டார். கியரைப் படக்கென்று இரண்டாவதுக்கு இழுப்பார், வண்டி உறுமிக்கொண்டு நிதானத்துக்கு வரும். என் முழங்காலில் கியர்க் குமிழ் இடிக்கும், நான் வைவேன். இங்கே ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் கால் அப்படித்தான் பழகியிருக்கிறது. நீங்கள் பதினேழு வயதில் ஊரை விட்டுப் போய்க் கோயம்புத்தூரில் ஓட்டப் பழகினவர், உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

பருத்திக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே ஆபீஸ் ஷெட்டுக்கு வந்தோம். சேற்றுக் காலோடு தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டேன். முன்பக்கம் நசுங்கி உள்ளே வந்திருக்கிறது. அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. கியரைப் பார்த்தேன். இரண்டாவதில் நிற்கிறது. அஃப்ஜல் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அடிக் கம்பி வளைந்து அப்படியே இறுகிவிட்டது, மோதின பிறகு யாரும் மாற்றியிருக்க முடியாது என்கிறார்.

நேர்பாதையில் எந்தக் கியரில் வருவார்கள்? நாலாவது என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். சாக நினைக்கிற மனுசன் எதற்குக் கியரை இறக்க வேண்டும்?

அந்தப் பதிவைத் திறங்கள் தம்பி. பிரேக் கோட்டைப் பார்த்தீர்கள், இஞ்சின் கோட்டைப் பார்த்தீர்களா? வேலையெல்லாம் அப்புறம்.

மதினி


கோயம்புத்தூர்
12.11.2025

மதினி,

திறந்தேன். மூன்று நாள் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நேற்றுத்தான் திறக்க முடிந்தது.

வால் ஆடின இடம் 150 பலகைக்குக் கொஞ்சம் முன்னால். இஞ்சின் அப்போது நிமிடத்துக்கு 3,400 சுற்று. அதற்கு அடுத்த நொடியில் 6,300. வேறெதனாலும் அப்படி ஏறாது. நாலாவதிலிருந்து நேராக இரண்டாவதுக்கு இழுத்துக் கிளட்சை விட்டிருக்கிறார். ஈரத் தாரில் முன் சக்கரம் இறுகிக்கொண்டு வழுக்கியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் இருப்பார், கார்தான் திரும்பவில்லை. சகதியில் வண்டியை நிறுத்துகிற வேலை, அந்த வேகத்தில் தார் ரோட்டில் எதிராகப் போய்விட்டது.

எல்லாருக்கும் கோடு கோடாக வாசித்துச் சொல்கிற ஆள் நான். என் அண்ணனுடையதை ஒரு வரியோடு மூடிவிட்டேன். பூச்சியத்தைப் பார்த்ததும் எனக்கு அதுவே போதும் என்று தோன்றிவிட்டது. பதினைந்து மாதம் அவரைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

அன்று காலை நான் எல்லாம் சொன்னேன். வழுக்கினால் ஊரில் செய்வதை இங்கே செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. ஊரில் என்ன செய்வார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாலகணேஷ்


கோவில்பட்டி
20.11.2025

அன்புள்ள தம்பி பாலகணேஷுக்கு,

நாங்கள் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பூங்கொடியிடம் கொடுத்தேன். முழுவதும் வாசித்தாள். "அப்ப அப்பா பிரேக் பிடிக்கல" என்றாள். இல்லை என்றேன். "ஆனா நிறுத்தத்தான் பாத்திருக்காங்க" என்றாள். ஆமாம் என்றேன். அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். நான் அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை பால் காய்ச்சும்போது வந்தது, அழுகை இல்லை, கோபம். அப்படியொரு கோபம். சேற்றுக்கும் தாருக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மனுசன் இருப்பானா? தம்பி அவ்வளவு தூரம் சொல்லிக்கொடுத்தானே, கேட்டால் என்ன? என் முழங்காலில் இடித்தது போதாது என்று அங்கேயும் போய் அதே கியரை இழுக்க வேண்டுமா? வாய்விட்டே வைதேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்து வீட்டு சுந்தரேஸ்வரி அக்கா ஓடி வந்து, "யாரட்டி வையுத?" என்றார். என் வீட்டுக்காரரைத்தான் என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு மத்தியானம் வரை அழுதேன்.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, சரி. பதினாலு வருசம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஒரு வருசத்துக்கு மேல் அது தோன்றவில்லை. அதோடு விடுங்கள். போன் பண்ணினால் எடுங்கள். மூச்சு விடுவதாக இருந்தாலும் பரவாயில்லை.

நேற்று மெக்கானிக் வந்தார். கம்பியை அறுத்துவிட்டால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடலாம், காரைத் தள்ளி எடுக்க வசதியாக இருக்கும் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை மதுரையில் இறங்காமல் வாருங்கள். ஷெட் சாவி என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் கையால் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள், அது வரைக்கும் இரண்டாவதிலேயே நிற்கட்டும்.

மதினி